16 வயதில் என்ன செய்யலாம் என்று கேட்ட பிள்ளைகள்

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரத்துச் சாட்ஸ்வர்த்திலிருந்து:

கோயிலில் வார இறுதித் தமிழ் வகுப்பு எடுக்கிறேன். தில்லையாடி வள்ளியம்மை பாடம் வந்தது. ஜொகானஸ்பர்கில் பிறந்து, சத்தியாக்கிரகத்தில் கைதாகி மாரிட்ஸ்பர்க் சிறையில் கிடந்து, 1914 பிப்ரவரி 22 அன்று 16 வயதில் இறந்தவர். பாடம் முடிந்ததும் ஒரு மாணவி கேட்டாள்: "டீச்சர், எனக்கும் 16தான். நான் என்ன செய்யலாம்?"

நம் நாட்டில் 16 வயதிலேயே வாக்காளராகப் பதிவு செய்துகொள்ளலாம், 18 ஆனதும் ஓட்டுப் போடலாம். அடையாள அட்டை இருந்தால் ஃபோனிலேயே முடித்துவிடலாம். வகுப்பில் பலருக்கு இது தெரியவே தெரியாது!

சரி, 18 வரை சும்மா இருப்பதா? தெருவிளக்கு எரியவில்லை என்று புலம்பிய பையனிடம், முதலில் முனிசிபாலிட்டியில் புகாரைப் பதிந்து புகார் எண்ணை வாங்கி வைக்கச் சொன்னேன். அப்புறம் எல்லோரையும் வார்டு கூட்டத்துக்கு அழைத்துப் போனேன். அவன் எழுந்து பேசியபோது பெரியவர்கள் காதில் போட்டுக்கொள்ளவில்லை. புகார் எண்ணையும் தேதியையும் வாசித்ததும் கவுன்சிலர் நிமிர்ந்து உட்கார்ந்து குறித்துக்கொண்டார். முனிசிபாலிட்டியின் நிதியாண்டு ஜூலை 1-இல் தொடங்குகிறது, அதற்கு முன்பே வரைவு பட்ஜெட்டுக்கு யாரும் கருத்து எழுதலாம் என்றும் சொன்னார். இப்போது வகுப்பில் தமிழிலும் ஆங்கிலத்திலும் அதைத்தான் எழுதிக்கொண்டிருக்கிறார்கள். இந்தப் பிள்ளைகளுக்கு அக்கறை இல்லை என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வருகிறது.

டர்பனின் ஃபீனிக்ஸிலிருந்து:

அக்கா எழுதியதைப் படித்தேன். என் மகன், "ஓட்டுப் போட்டு என்ன ஆகப்போகுது, நான் போகல" என்பான். நான் சொன்னால் கேட்கமாட்டான். பதில் சொன்னது என் அம்மா.

1984-இல் நிறவெறி அரசு நாடாளுமன்றத்தில் இந்தியர்களுக்கென்று தனிச் சபை வைத்துத் தேர்தல் நடத்தியது. கறுப்பின மக்களுக்கு அங்கே இடமே இல்லை. புறக்கணிக்கும்படி நேட்டால் இந்திய காங்கிரஸ் கேட்டுக்கொண்டது. பதிவு செய்தவர்களில் சுமார் ஐந்தில் ஒருவர்தான் ஓட்டுப் போட்டார். "நாங்களும் போகலதான்டா. ஆனா ஏன் போகக்கூடாதுன்னு வீடு வீடா ஏறிச் சொன்னோம். நீ யார்கிட்ட சொன்ன?" என்று கேட்டார் அம்மா. 1994-இல் எல்லா இனத்தவருக்கும் ஓட்டு கிடைத்தபோது, தன் முதல் ஓட்டுக்காக மணிக்கணக்கில் வரிசையில் நின்றவர் அவர்.

மகன் அன்று வாயைத் திறக்கவில்லை. மறுநாள், அந்த வீடுகளில் என்ன பேசினீர்கள் என்று பாட்டியிடம் கேட்டுப் பதிவு செய்ய ஆரம்பித்திருக்கிறான். அந்தக் காலத்துத் துண்டறிக்கை யாரிடமாவது இருந்தால் சொல்லுங்கள், அவனிடம் காட்ட வேண்டும்.