பியாஜே வயசுக் கணக்கு சரிதானா? டெட் படிக்கிறவங்க சொல்லுங்க

மார்த்தாண்டத்துக்காரி:
டெட் (ஆசிரியர் தகுதித் தேர்வு) முதல் தாளுக்குப் படிக்கிறேன். 150 கேள்வியில் குழந்தை மேம்பாடும் கற்பித்தலும் மட்டுமே 30, அதனால் குழந்தையின் சிந்தனை வயதுக்கேற்ப நிலை நிலையாக வளரும் என்ற உளவியலாளர் பியாஜேயை விடவும் முடியவில்லை. படித்ததோடு நிற்காமல் அக்கா மகளை வைத்துச் சோதித்தும் பார்த்துவிட்டேன், ஆறு வயது அவளுக்கு. இரண்டு டம்ளரில் ஒரே அளவு கருப்பட்டிக் காப்பி ஊற்றி, சமம்தானே என்று கேட்டுக்கொண்டு, ஒன்றை நெட்டைக் கிளாஸில் மாற்றி, இப்போ எதில் அதிகம் என்றேன். நெட்டையைக் காட்டினாள். சரி, 2 முதல் 7 வயது, மனச்செயல்பாட்டுக்கு முந்தைய நிலை, கண்ணுக்குப் பெரிதாகத் தெரிவதையே அதிகம் என்று சொல்லும் வயது, புத்தகத்தில் உள்ளபடியேதான் என்று நினைத்தேன். சாயங்காலம் பாட்டி அதே கிளாஸில் அவள் தம்பிக்கு ஊற்றிக் கொடுத்தபோது, "ரெண்டும் ஒண்ணுதான் சித்தி, கிளாஸ்தான் ஒல்லி" என்கிறாள். இதை எந்த நிலையில் சேர்ப்பது?

பழைய_வாத்தியார்:
மக்ளே, நிலைகளின் வரிசை மாறாது என்றுதான் பியாஜே சொன்னார். வயது முன்பின் ஆகும் என்பதை அவரே ஒத்துக்கொண்டார், ஆறு வயதில் இப்படி ஆடுவது சகஜம். இன்னொன்று, நீ சமமா என்று முன்னாலும் கேட்டாய், ஊற்றின பிறகும் கேட்டாய். பெரியவங்க திரும்பக் கேட்டால், முதலில் சொன்னது தப்பு போல என்று பிள்ளை மாற்றிச் சொல்லும். 1974-ல் மெக்காரிகிள், டொனால்ட்சன் என்ற உளவியலாளர்கள் இதைத்தான் பிடித்தார்கள். வில்லைகளைச் சம எண்ணிக்கையில் இரண்டு வரிசையாக வைத்து, ஒரு வரிசையை ஒரு கரடி பொம்மை குறும்பு பண்ணிக் கலைத்ததுபோல் காட்டினார்கள். பெரியவர் கலைத்தபோது தவறிய பிள்ளைகள் பலர் இப்போது சரியாகச் சொன்னார்கள்.

குலசேகரம்_ரப்பர்:
எனக்கு சோவியத் உளவியலாளர் வைகாட்ஸ்கிதான் ஒத்துவருகிறார். சின்னதில் அப்பா ரப்பர் பால் வெட்டப் போகும்போது கூடவே போவேன். முதலில் சிரட்டையைத் துடைத்து வைக்கிற வேலை, அப்புறம் ஒட்டுப்பால் உரிக்கிறது, ரொம்ப நாள் கழித்துத்தான் கத்தி, அதுவும் என் கைமேல் அவர் கை. ஆழமாகப் போய்த் தடியில் பட்டால் பட்டை முண்டும் முடிச்சுமாக வளரும், பிறகு அந்த இடத்தில் வெட்ட வராது. அவர் கையை எடுத்தது எப்போது என்றே எனக்குத் தெரியாது. தனியாக விட்டிருந்தால் மரத்தைக் கெடுத்திருப்பேன், அவர் கை இருந்தால் வெட்டுவேன். இந்த இடைவெளிதான் வைகாட்ஸ்கி சொல்லும் அண்மை வளர்ச்சி மண்டலம். இரண்டு பேருமே 1896-ல் பிறந்தவர்கள், ஆனால் வைகாட்ஸ்கி காசநோயில் 37 வயதிலேயே போய்விட்டார், பியாஜே 1980 வரை இருந்தார்.

பழைய_வாத்தியார்:
நல்ல உதாரணம் தம்பி. அந்தக் கை வைப்பதற்குச் சாரம் கட்டுதல் என்று பேர். ஆனால் அந்தச் சொல் வைகாட்ஸ்கியுடையது இல்லை, 1976-ல் வுட், புரூனர், ராஸ் எழுதிய கட்டுரையில் வந்தது. பலர் கோட்டை விடுவது இங்கேதான்.

மார்த்தாண்டத்துக்காரி:
நன்றி சார், நன்றி அண்ணே. கரடி பொம்மை இல்லாததால் புளியங்கொட்டையை வரிசையாக அடுக்கி எங்கள் பூனையை விட்டேன். அது கலைக்கவில்லை, மேலேயே படுத்துத் தூங்கிவிட்டது. நாளைக்கு அவள் தம்பியை விட்டுப் பார்க்கிறேன், அவன் கலைப்பான்.