நம்ம குடும்பம், சங்ககிரி

செந்தில் (மாலை 6:12): பெரியப்பா, தர்மபுரி தாண்டி நிற்கிறேன். ஜல்லி லோடு. பள்ளத்தில் இறங்கினதும் பின்னால் ‘டக்’ என்று ஒரு சத்தம். இப்போது வண்டி இடது பக்கம் சாய்ந்திருக்கிறது.

செந்தில்: 📷 போட்டோ

பெரியப்பா (6:15): வண்டியைத் தாங்குகிற வில் பட்டைகளை நடுவில் கோக்கிற சென்டர் போல்ட் அறுந்திருக்கிறது. பட்டைக் கட்டு முன்னால் நகர்ந்துவிட்டது பார். அப்படியே தொப்பூர் இறக்கத்தில் இறங்கிவிடாதே கண்ணு. சக்கரத்துக்குக் கட்டை வை.

அம்மா (6:16): சாமி, ரோட்டோரம் பார்த்து நில்லு. சாப்பிட்டியா?

செந்தில்: டீ குடிச்சேன்மா.

செந்தில் (6:31): பக்கத்துப் பட்டறைக்காரர் வந்து பார்த்தார். ஒரு பட்டையும் ஒடிந்திருக்கிறதாம். வெல்டு வைத்தால் சேலம் வரை போகலாம் என்கிறார்.

பெரியப்பா: வேண்டவே வேண்டாம். பட்டை என்பது சூடேற்றி, எண்ணெயில் தோய்த்து, பதம் ஏற்றிய இரும்பு. வெல்டிங் சூடு பட்டால் அந்தப் பதம் போய்விடும். ஒட்டின இடத்துக்குப் பக்கத்திலேயே மறுபடி ஒடியும்.

கவிதா (6:36): பெரியப்பா, பின்னால் இருக்கிற ரெண்டு ஆக்சிலுக்கும் சேர்த்து ஒரே பட்டைக் கட்டுதானா?

பெரியப்பா: பக்கத்துக்கு ஒன்று அம்மிணி. இந்த டிப்பரில் வில்லைக் கவிழ்த்து வைத்த மாதிரி இருக்கும். நடுவில் சேடில் என்கிற தாங்கியில், U மாதிரி வளைந்த யூ போல்ட் போட்டு இறுக்கியிருப்பார்கள். ஒரு முனை அந்த ரெண்டில் முன் ஆக்சில் மேலே, இன்னொன்று பின் ஆக்சில் மேலே. சேடில் தராசு மாதிரி ஆடும். ஒரு சக்கரம் மேட்டில் ஏறினால் சேசிஸ், அதாவது வண்டிச் சட்டம், அதில் பாதிதான் தூக்கும், பாரமும் ரெண்டு ஆக்சிலுக்கும் பிரியும். ஆக்சில் முன்னே பின்னே போகாமல் பிடிப்பது டார்க் ராடு என்கிற கம்பி. இப்போது கட்டு நகர்ந்துவிட்டதால் பின் முனை ஆக்சில் மேலிருந்து நழுவப் பார்க்கிறது. அதுதான் எனக்குப் பயம்.

மாமா (6:44): கூடுதலா ரெண்டு பட்டை சேர்த்துப் போட்டால் என்னங்க? லோடு தாங்குமே.

பெரியப்பா: பட்டை தாங்கும் மாப்பிள்ளை, ஆக்சிலும் பிரேக்கும் தாங்க வேண்டாமா? 2018-இல் பத்துச் சக்கர வண்டிக்கு மொத்த எடை 25 டன்னிலிருந்து 28.5 ஆனது, பின்னால் ரெண்டு ஆக்சிலுக்கும் சேர்த்து 19 டன் 21 ஆனது. அதுக்கு மேலே ஏற்றத்தான் எல்லாரும் பட்டை சேர்க்கிறார்கள். காலி வண்டியில் அது கட்டை மாதிரி குதிக்கும். நான் இதைப் பட்டறையில் பார்த்துப் பார்த்து நொந்தவன்.

பெரியப்பா: செந்தில், முதலில் ஜல்லியை வேறு வண்டிக்கு மாற்று. லோடோடு ஜாக்கி வைக்காதே. யூ போல்ட் தளர்ந்ததால்தான் சென்டர் போல்ட் அறுந்திருக்கும். பழைய யூ போல்ட்டைத் திரும்பப் போடாதே, புதுசு வாங்கு. வலது பக்கத்தையும் கழற்றிப் பார்க்கச் சொல். சென்டர் போல்ட் ஓட்டையில் விரிசல் இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பார்.

செந்தில் (6:52): சரிங்க பெரியப்பா.

செந்தில் (இரவு 11:40): இடது கட்டு முழுசா மாற்றியாச்சுங்க. வலது பக்கமும் ஒரு பட்டையில் விரிசல் இருந்தது, மாற்றிவிட்டோம். பக்கத்துக்கு ரெண்டு யூ போல்ட், எல்லாமே புதுசு.

அம்மா: அப்பாடா. வண்டியிலேயே படுத்துத் தூங்கு கண்ணு, ராத்திரி ஓட்டாதே.

பெரியப்பா (11:43): நாளைக்கு முதல் லோடு இறக்கினதும் எட்டு நட்டையும் மறுபடி முறுக்கு. புதுப் பட்டை படிந்தால் இடைவெளி விழும், நட் தளரும். ஸ்பேனர் போட்டுப் பிடித்துப் போட்டோ அனுப்பு, நான் பார்க்கணும்.