வீட்டுக் குழுவில் ஒரு வேலை அறிவிப்பு

அண்ணன்: பாப்பா, பல்கலைக்கழகத்தில் ஆள் எடுக்கிறார்கள். ஆராய்ச்சி, மருத்துவம், நிர்வாகம் மூன்றிலும் இடம் இருக்கிறது. மேலே அனுப்பியிருக்கிறேன் பார்.

நான்: பார்த்தேன் அண்ணா. எல்லாம் பிஎச்டி முடித்தவர்களுக்குத்தானே? ஆறு வருடம் வார்டில் நர்ஸாக இருந்தவளுக்கு அங்கே என்ன வேலை?

அத்தை: மருத்துவப் பிரிவில் நான்காவது இடத்தைப் பார். கிளினிக்கல் ரிசர்ச் கோஆர்டினேட்டர். நான் பார்ப்பதும் அதே வேலைதான். எங்கள் ஐந்து பேரில் மூன்று பேர் வார்டிலிருந்து வந்தவர்கள்.

நான்: என்ன செய்ய வேண்டியிருக்கும் அத்தை?

அத்தை: நேற்று நடந்ததைச் சொல்கிறேன். மருந்து ஆய்வுக்கு வந்த ஓர் அம்மா ஒப்புதல் படிவத்தின் ஏழாம் பக்கத்தில் நின்றுவிட்டார். “நடுவில் வேண்டாம் என்று சொன்னால் என் வைத்தியத்தை நிறுத்திவிடுவீர்களா?” என்று கேட்டார். நிறுத்த மாட்டோம் என்று எழுதியிருக்கும் வரியை விரல் வைத்துக் காட்டினேன். மகனிடம் பேசிவிட்டு வருகிறேன் என்றார். சரிம்மா, போய் வாருங்கள் என்று அனுப்பினேன். எப்போது வேண்டுமானாலும் விலகலாம் என்பது, மனிதர்களிடம் நடக்கும் மருத்துவ ஆய்வுகளுக்காக உலக மருத்துவச் சங்கம் வகுத்த 1964 ஹெல்சிங்கிப் பிரகடனத்திலேயே இருக்கிறது. அதை நோயாளிக்குப் புரியும்படி சொல்ல ஆள் வேண்டும். நீ தினமும் அப்படித்தானே பேசுகிறாய்?

அத்தை: அப்புறம் பதிவேடு. ரத்த அழுத்தத்தைத் தப்பாக எழுதிவிட்டால் ஒயிட்னர் கூடாது. பழைய எண் தெரியும்படி ஒரே கோடு, பக்கத்தில் சரியான எண், சுருக்கொப்பம், தேதி. இதுவும் உனக்குப் பழக்கம்தான்.

பெரியப்பா: இரண்டு வருட ஒப்பந்தம் என்று போட்டிருக்கிறதே. இருக்கும் வேலையை விட்டுவிட்டுப் போகலாமா?

அத்தை: நியாயமான கவலை அண்ணா. ஆராய்ச்சி நிதி இருக்கும்வரைதான் அந்த இடம் இருக்கும். நிதி எந்த மாதம் முடிகிறது, அடுத்ததற்கு விண்ணப்பித்திருக்கிறார்களா என்று நேர்காணலில் இவளே கேட்க வேண்டும். யாரும் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

நான்: ஜிசிபி, அதாவது மருத்துவ ஆய்வை முறைப்படி நடத்துவதற்கான பயிற்சிச் சான்றிதழ் கேட்டிருக்கிறார்கள். என்னிடம் இல்லையே.

அத்தை: எந்தத் தலைப்பின் கீழ் இருக்கிறது?

நான்: ‘விரும்பத்தக்கவை’.

அத்தை: அப்படியானால் தயங்காமல் போடு. ‘கட்டாயம்’ என்பதன் கீழ் இருப்பவைதான் முதல் வடிகட்டி. ஜிசிபியை ஆன்லைனிலேயே படித்துவிடலாம். இன்று தொடங்கு, ‘படித்துக்கொண்டிருக்கிறேன்’ என்று உண்மையாகவே எழுதலாம். கட்டாயத் தகுதி ஒவ்வொன்றுக்கும் நீ செய்த ஒரு காரியத்தை எழுது.

நான்: “குழுவாகப் பணியாற்றும் திறன் உண்டு.” போதுமா?

அத்தை: இதை எல்லோரும் எழுதுவார்கள். எங்கே, எப்போது, என்ன செய்தாய்?

நான் (இரவு 10:50): “இரவுப் பணி முடிந்து நோயாளிகளை ஒப்படைக்கும்போது மருந்து நேரங்கள் விட்டுப்போயின. ஒரு பக்க அட்டவணை தயாரித்தேன். மூன்று ஷிஃப்டிலும் இப்போது அதைத்தான் நிரப்புகிறோம்.”

அத்தை: இதை ஏன் இத்தனை நாள் சொல்லவில்லை? முதல் பத்தியிலேயே வை.

பெரியப்பா: கடைசி நாள் வெள்ளிக்கிழமை. வியாழன் ராத்திரியே அனுப்பிவிடு அம்மா.