ஏசி போட்டால் பெல்ட் கீச்சிடுகிறது: கம்ப்ரஸரை மாற்றத்தான் வேண்டுமா?

கேள்வி:
வணக்கம். என்னுடைய 2013ஆம் ஆண்டுப் பெட்ரோல் கார், சென்னை வெயிலில் சிக்னலில் நிற்கும்போது ஏசியைப் போட்டால், பெல்ட் கீச்சென்று கத்துகிறது, குளிர்ச்சியும் குறைகிறது. புறவழிச்சாலையில் வேகமெடுத்ததும் இரண்டும் சரியாகிவிடுகின்றன. சென்ற மாதம் புது பெல்ட் போட்டு, கேஸும் நிரப்பினேன். பத்தே நாளில் சத்தம் திரும்பிவிட்டது. பெல்ட் சுழற்றும் கம்ப்ரஸர் (ஏசி கேஸை அழுத்தும் பம்ப்) இறுகிவிட்டது, மாற்ற வேண்டும் என்கிறார்கள். வயதான தாயாரை மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லும் வண்டி என்பதால் கவலையாக இருக்கிறது.

மறுமொழி 1:
அவசரப்பட்டு மாற்றாதீர்கள். எஞ்சினை அணைத்தபின் கம்ப்ரஸரைப் பெல்ட்டோடு இணைக்கும் கிளட்ச்சின் முன்தட்டைக் கையால் சுற்றச் சொல்லுங்கள். சீராகச் சுழன்றால் கம்ப்ரஸர் இறுகவில்லை. பிறகு, எஞ்சின் ஓடும்போது தள்ளி நின்று பெல்ட்டின் வரிப்பக்கத்தில் சிறிது தண்ணீர் தெளித்தால், சத்தம் கூடுவது பெரும்பாலும் தொய்வையும், சற்று அடங்கி மீண்டும் வருவது புல்லிகள் (பெல்ட் ஓடும் சக்கரங்கள்) நேர்க்கோட்டில் இல்லாததையும் காட்டும். ஓடும் பெல்ட்டின் அருகே கையோ துணியோ போகவே கூடாது.

மறுமொழி 2:
நின்றால் கத்துகிறது, ஓடினால் அடங்குகிறது என்பதால் எனக்குக் கண்டென்சர் ஃபேன் மீதுதான் சந்தேகம். ஏசி கேஸின் வெப்பத்தை வெளியேற்றும் கண்டென்சருக்குக் காற்று வீசுவது அதுதான்; வண்டி ஓடும்போது எதிர்க்காற்றே அந்த வேலையைச் செய்துவிடும். ஏசியைப் போட்டும் ஃபேன் ஓடவில்லையெனில், வெப்பம் வெளியேற வழியின்றிக் கேஸின் அழுத்தம் ஏறுகிறது. கம்ப்ரஸரைச் சுழற்றக் கூடுதல் விசை தேவைப்பட, பெல்ட் வழுக்குகிறது. கேஸ் அளவுக்கு மிஞ்சினாலும் இதே கதைதான். எடை போட்டு நிரப்பினார்களா? எஞ்சின் நிற்கும்போது அழுத்த மீட்டரை வைத்துப் பார்த்துச் சொல்லும் கணக்கை நம்பாதீர்கள்: 30 டிகிரியில் ஆர்-134ஏ கேஸ் திரவமாகக் கொஞ்சம் மீந்திருந்தாலே போதும், அளவு கூடினாலும் குறைந்தாலும் மீட்டர் ஏறத்தாழ 97 பிஎஸ்ஐ என்றே காட்டும்.

கேட்டவர்:
இருவருக்கும் மிக்க நன்றி. கம்ப்ரஸர் சீராகச் சுழன்றது. ஓடாமல் இருந்தது ஃபேன்தான். அதன் ரிலேயை (மின் சுவிட்ச்) மாற்றியதும் ஓடுகிறது. பானெட் ஸ்டிக்கரில் 450 கிராம் என்றிருக்க, வெளியே எடுத்த கேஸ் 580 கிராம் இருந்தது. வேறொரு கடையில் வேக்கம் செய்து (உள்ளிருக்கும் காற்றை உறிஞ்சி எடுத்து) எடை போட்டு நிரப்பினேன். ஆனால் காலையில் முதலில் ஸ்டார்ட் செய்யும்போது மட்டும் ஒரு நொடி சத்தம் வருகிறது.

மறுமொழி 2:
வழுக்கிய சூட்டில் பெல்ட்டின் வரிகள் பளபளத்துப் பிடிப்பை இழந்திருக்கும். புது பெல்ட்டானாலும் அது மீளாது. மெழுகோ ஸ்பிரேயோ அடிக்க வேண்டாம், மாற்றிவிடுங்கள். அப்போதே பெல்ட்டை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனர் ஸ்பிரிங்கின் விறைப்பையும் பார்த்துவிடச் சொல்லுங்கள்.