வளைகாப்புக்குக் கப்கேக் சோப்பு: மேலே பிழியும் கிரீம் நிற்கவில்லை

மீனா_மதுரை:
எல்லோருக்கும் வணக்கம். என் நாத்தனாருக்கு ஆனி மாதம் வளைகாப்பு. வருகிறவர்களுக்குத் தாம்பூலப் பையில் லட்டோடு ஒரு கப்கேக் சோப்பும் வைக்கலாம் என்று ஆசை. அடியில் இருக்கும் கேக் பாகம் சிலிக்கான் அச்சில் நன்றாக வந்துவிடுகிறது. மேலே கிரீம் மாதிரி பிழிவதுதான் தகராறு. பிழிந்ததும் சுருள் அழகாகத் தெரிகிறது, காபி குடித்துவிட்டு வந்து பார்த்தால் தட்டையாகப் படிந்து கிடக்கிறது. தேங்காய் எண்ணெய் பாதி, பாமாயில் பாதி போடுகிறேன். வெள்ளை நிறத்துக்கு டைட்டானியம் டை ஆக்சைடும், வாசனைக்கு வெனிலாவும். பிழியும் பையின் முனையில் இருக்கும் நாசிலை மாற்றினால் சரியாகுமா?

சோப்புச்சட்டி:
மீனா, நாசில் மேல் பழி போடாதீர்கள். அது எந்தப் பாமாயில்? ரேஷன் பாக்கெட் என்றால் சிக்கல் அங்கேதான். அது பாமோலின். பாமாயிலில் உறையும் பகுதியைப் பிரித்து எடுத்தபின் மிஞ்சும் திரவப் பகுதி. தேங்காய் எண்ணெயோ 24 டிகிரியிலேயே உருகிவிடும், சித்திரை வெயிலில் அது எங்கே உறைவது? இரண்டு தண்ணீர் எண்ணெயை வைத்துக்கொண்டு மேலே கோபுரம் கட்டினால் சரியத்தான் செய்யும்.

கிரீமுக்கு மட்டும் தனிக் கலவை போடுங்கள். 300 கிராம் எண்ணெய்க்கு நான் போடுவது: கெட்டியாக இருக்கும் முழுப் பாமாயில் 120, தேங்காய் எண்ணெய் 90, கோகோ பட்டர் 45, ஆலிவ் எண்ணெய் 45. காஸ்டிக் சோடா 43 கிராம், தண்ணீர் 86. எண்ணெய் எதையாவது மாற்றினால் காஸ்டிக் கணக்கையும் புதிதாகப் போட வேண்டும், குத்துமதிப்பு இங்கே ஆகாது. காஸ்டிக்கைத்தான் தண்ணீரில் கொட்ட வேண்டும், தண்ணீரைக் காஸ்டிக்கில் ஊற்றவே கூடாது. ரேஷன் எண்ணெயை வீணாக்க வேண்டாம், கேக் பாகத்துக்குத் தாராளமாகப் போடலாம்.

அடுத்தது பொறுமை. காஸ்டிக் கரைசல் ஆறி அறை வெப்பத்துக்கு வரட்டும். பிளெண்டரை நாலு சுற்று மட்டும் ஓட்டி, கலவை லேசாகத் தடித்ததும் நிறுத்திவிட்டுக் கரண்டியால் கிளறிக்கொண்டே இருங்கள். இட்லி மாவுப் பதத்தில் பிழிந்தால் வழியும். ஸ்பூனில் எடுத்துக் கவிழ்த்தால் விழாமல் ஒட்டிக்கொண்டு நிற்க வேண்டும், அதுதான் பிழியும் நேரம். அதையும் தாண்டினால் பையில் இருந்து வெளியே வராது, கைதான் வலிக்கும். பை, நாசில் எதுவும் அலுமினியமாக இருக்கக் கூடாது. காஸ்டிக் அலுமினியத்தை அரிக்கும், ஹைட்ரஜன் வாயுவும் வரும். ஸ்டீல் அல்லது பிளாஸ்டிக் நாசில் போதும். பிழியும்போது கையுறை கட்டாயம், அது இன்னும் சோப்பு ஆகவில்லை.

வெனிலாவை வெள்ளைக் கிரீமில் போடவே போடாதீர்கள். வெனிலின் நாளாக ஆகப் பழுப்பாகிவிடும், எவ்வளவு டைட்டானியம் போட்டாலும் தடுக்காது. அதையே கேக் பாகத்தில் போடுங்கள், செலவில்லாமல் சாக்லேட் நிறம் வந்துவிடும்.

மீனா_மதுரை:
ரேஷன் பாமாயில்தான் அக்கா! யாரும் இதைச் சொல்லவே இல்லை. இன்னும் இரண்டு சந்தேகம். கடைக் கப்கேக் மாதிரி காகிதக் கிண்ணத்திலேயே ஊற்றலாமா? மேலே தூவ நிஜமான கலர் மிட்டாய்த் தூள் போடலாமா?

சோப்புச்சட்டி:
காகிதத்தில் ஊற்றினால் எண்ணெய் ஊறிக் கறை படியும், உரிக்கும்போது சோப்பும் பிய்ந்து வரும். சிலிக்கான் அச்சிலேயே ஊற்றுங்கள், காய்ந்தபின் காகிதக் கிண்ணத்தில் உட்கார வைத்தால் போதும். மிட்டாய்த் தூள் சர்க்கரை, ஈரத்தில் கரைந்து சாயம் இறங்கும், எறும்பும் வரும். மிச்சமான கலர் சோப்பைத் துருவித் தூவுங்கள். செர்ரியையும் சோப்பிலேயே உருட்டிவிடலாம்.

கேக் பாகமும் கிரீமும் ஒரே நாளில் நடக்கட்டும். அடிப்பாகம் முழுக்க இறுகியபின் பிழிந்தால் ஒட்டாமல் தனியே கழன்றுவிடும். அப்புறம் நாலு முதல் ஆறு வாரம் காற்றாட வைக்க வேண்டும், ஆகவே சித்திரைக்குள் முடித்துவிடுங்கள். உள்ளதைச் சொன்னால், தேய்த்துக் குளிக்க இது வசதியான வடிவமே இல்லை. கோபுரத்தைத் தாழ்வாகப் பிழியுங்கள், உயரமானால் முதல் குளியலிலேயே உடையும்.

லண்டன்_செல்வி:
மன்னிக்கவும், ஒரு விஷயம் இடையில் சொல்லியே ஆக வேண்டும். லட்டோடு ஒரே பையிலா? நான் இருக்கும் பிரிட்டனில் உணவு போலத் தோன்றும் பொருள்களுக்கென்றே 1989-இல் ஒரு விதி வந்தது. குழந்தைகள் உணவென்று நினைத்து வாயில் வைத்து ஆபத்து வரக்கூடிய பொருளை விற்கக் கூடாது என்பது அதன் சாரம். இன்றைய ஐரோப்பிய ஒன்றியத்துக்கு முன்னோடியான ஐரோப்பியப் பொருளாதாரச் சமூகத்தில் 1987-இலேயே அப்படி ஓர் ஆணை வந்தது. வடிவம் மட்டுமல்ல, வாசனையையும் பார்ப்பார்கள். வெனிலா மணக்கும் கப்கேக் என்றால் இரண்டும் சேர்ந்துவிடுகிறது. நீங்கள் விற்கவில்லை, சரி. ஆனால் வளைகாப்புக்கு வரும் நண்டு சிண்டுகளுக்கு இந்த வித்தியாசம் தெரியாது.

சோப்புச்சட்டி:
செல்வி சொல்வது நியாயம். எனக்கும் அந்த லட்டு உறுத்தியது, எண்ணெய்ப் பேச்சில் விட்டுவிட்டேன். மீனா, வெனிலாவை விடுங்கள். லாவெண்டரோ வெட்டிவேரோ போட்டால் தின்னத் தோன்றாது. கிரீமுக்கு நீலமோ ஊதாவோ கொடுங்கள். தாம்பூலப் பையில் வைக்காமல், ஒட்டிய டப்பாவில் மேலே “குளியல் சோப்பு” என்று பெரிதாக எழுதி, வாசலில் பெரியவர்கள் கையில் கொடுங்கள். பிறகு யாராவது ஆர்டர் கேட்டால் உடனே தலையாட்டிவிடாதீர்கள், நம் நாட்டில் சோப்பு செய்து விற்க அழகுசாதன உரிமம் வேண்டும்.

மீனா_மதுரை:
நாத்தனாரிடம் கேட்டேன். அவருக்கு வெட்டிவேர் வாசனைதான் வேண்டுமாம், ஊதா வேண்டாம், மயில் நீலம் வேண்டுமாம். கெட்டிப் பாமாயில் மதுரையில் எங்கே கிடைக்கும்?