நெடுந்தீவில் வீடு திருத்துவோருக்கு: கிணறும் கல்வேலியும்

அன்புள்ள ஊர் உறவுகளுக்கு வணக்கம்.

ஓய்வு பெற்றபின் பழைய வளவைத் திருத்தி, ஆண்டில் சில மாதங்களாவது யாழ்ப்பாணத்துக்குத் தென்மேற்கே உள்ள நம் நெடுந்தீவில் வந்து இருக்க விரும்புவதாகச் சென்ற வாரம் மூவர் எழுதியிருந்தீர்கள். லண்டனில் நெடுங்காலம் இருந்துவிட்டு, இப்போது மூன்று மாரிகளை ஊரில் கழித்தவன் என்ற முறையில், வேலை தொடங்கும் முன்னரே இரண்டு விடயங்களைச் சொல்லிவிட விரும்புகிறேன்.

ஊரின் அமைதியைப் பற்றி உங்களுக்கு நான் விரித்து எழுத வேண்டியதில்லை. புங்குடுதீவின் குறிகட்டுவான் துறையில் படகேறி, ஒரு மணி நேரம் அலையில் ஆடி, மாவிலித்துறையில் கால் வைத்ததுமே அது புரிந்துவிடும். கடைசிப் படகும் போய்விட்டால் மறுநாள் காலை வரை வருவாருமில்லை, போவாருமில்லை. சோளகம் (தென்மேற்குப் பருவக்காற்று) முற்றிக் கடல் கொதிக்கும் நாட்களில் படகு ஓடாது என்பதையும், மருந்து முதல் மரக்கறி வரை கையிருப்பு வேண்டும் என்பதையும் மட்டும் நினைவூட்டுகிறேன். (1985 மே 15 அன்று குமுதினிப் படகில் போய்க் கடலில் வெட்டிக் கொல்லப்பட்டவர்களின் வீடுகளில், படகு சற்றுத் தாமதித்தால்கூட இன்றும் துறையைப் பார்த்துக்கொண்டு நிற்பார்கள்.)

முதலாவது, தண்ணீர். நம் தீவில் ஆறும் இல்லை, மலையும் இல்லை. மாரியில் பெய்யும் மழை சுண்ணக்கல்லுக்குள் இறங்கி, கீழே இருக்கும் உப்புநீரின் மேல் எண்ணெய் மிதப்பதுபோல் மெல்லிய படையாக நிற்கிறது; நம் கிணறுகளில் நாம் அள்ளுவது அதைத்தான். நிலத்தடி நீர் படித்தவர்களின் பொதுக் கணக்கின்படி, கடல் மட்டத்துக்கு மேல் ஓரடி நன்னீர் நின்றால் அதன் கீழ் ஏறத்தாழ 40 அடி வரை நன்னீர் இருக்கும். மேலே ஓரடி குறைந்தால் கீழிருந்து உப்பும் அதே கணக்கில் ஏறிவரும். நம் தீவின் சாறாப்பிட்டிக் கிணறுகள் நல்ல தண்ணீருக்குப் பேர் பெற்றவை என்றால், அது நிலத்தின் கொடை மட்டுமல்ல, குடத்தாலும் வாளியாலும் அளவோடு அள்ளிய கைகளின் சிக்கனமும்தான்.

இதை நான் என் பிழையால் கற்றேன். வந்த முதல் ஆண்டில், பெருமையோடு யாழ்ப்பாணத்திலிருந்து மோட்டர் ஏற்றிவந்து, கூரைத் தாங்கிக்குக் குழாய் இழுத்து, தினமும் தோட்டத்துக்கும் சேர்த்து இறைத்தேன். இரண்டு கிழமைக்குள் தேநீர் கரித்தது, சவர்க்காரம் நுரைக்கவில்லை. மோட்டரைக் கழற்றியும் தண்ணீர் உடனே திரும்பவில்லை. அடுத்த மாரி முழுவதும் பெய்தபின்தான் வாயில் வைக்க முடிந்தது. அதுவரை பக்கத்து வளவில் குடம் தூக்கினேன், அவர்களும் ஒரு சொல் குத்திக் காட்டவில்லை, அதுதான் அதிகம் சுட்டது. ஆகவே, மோட்டர் வைத்தே ஆகவேண்டுமென்றால் சிறியதாக வையுங்கள், விட்டு விட்டு இறையுங்கள். முற்றம் முழுவதற்கும் சீமெந்து போடாதீர்கள். மழை உள்ளே இறங்குவதற்கு வேறு வழி கிடையாது.

இரண்டாவது, கல்வேலி. அதை உடைத்துவிட்டு மதில் கட்டும் எண்ணம் ஒருவருடைய மடலில் இருந்தது. தயவு செய்து மறுபடி யோசியுங்கள். முருகைக்கல்லை (பவளப்பாறைக் கல்லை)ச் சாந்தில்லாமல் அடுக்கிய வேலி அது. அடியில் அகலம், மேலே ஒடுக்கம். இரு முகத்திலும் பெருங்கல், நடுவில் பொடிக்கல். ஒவ்வொரு கல்லும் கீழுள்ள இரண்டின் மேல் குந்தியிருக்கும். இடுக்குகளால் காற்று ஊடுருவிப் போவதால் சோளகம் அதைத் தள்ளுவதில்லை. ஆடு ஏறிப் பொட்டு (வேலியில் திறப்பு) விழுந்தால், விழுந்த கற்களையே எடுத்து ஒரு காலையில் அடுக்கிவிடலாம். மதிலுக்கோ சீமெந்தும் மணலும் படகில் வர வேண்டும், குழைக்க நன்னீரும் வேண்டும், அதுவும் மேற்சொன்ன கிணற்றிலிருந்தே. போர்த்துக்கேயர், ஒல்லாந்தர் காலத்திலிருந்து வழிவழியாக அலையும் குதிரைகளுக்கும் மாடுகளுக்கும் இந்த வேலி போதுமானதாகவே இருந்து வந்திருக்கிறது. கோடையில் அவை தண்ணீர் தேடி வளவோரம் வரும்போது, வேலிக்கு வெளியே ஒரு தொட்டி வைத்து இரண்டு வாளி ஊற்றிவிட்டால் பொட்டும் விழாது.

கல் அடுக்கத் தெரிந்த முதியவர்கள் இருவர் எங்கள் பக்கத்தில் இன்னும் வேலைக்கு வருகிறார்கள். வேலியின் நீளத்தையும் எத்தனை இடத்தில் பொட்டு விழுந்திருக்கிறது என்பதையும் எழுதி அனுப்பினால், மாரி தொடங்கும் முன் அவர்களிடம் பேசிக் கூலி விபரத்தைத் தெரிவிக்கிறேன்.