பழைய அம்பாசடரில் சூடும் இரைச்சலும்: எங்கிருந்து தொடங்குவது?

தக்கலை மார்க் 4:

அனைவருக்கும் வணக்கம். என் தந்தையார் 1986-இல் வாங்கிய அம்பாசடர் மார்க் 4 டீசல் வண்டியை இன்றும் ஓட்டி வருகிறேன். வாரம் ஒருமுறை அம்மாவை நாகர்கோவிலுக்கு மருத்துவரிடம் அழைத்துச் செல்வது இந்த வண்டியில்தான். அம்மாவுக்குக் காது சற்று மந்தம். பின் இருக்கையிலிருந்து அவர் ஏதாவது கேட்டால், வண்டியை ஓரங்கட்டி நிறுத்திய பிறகுதான் என்னால் பதில் சொல்ல முடிகிறது. நண்பகலில் திரும்பும்போது தரைத் தகட்டின் சூடு செருப்பையும் தாண்டிக் காலில் ஏறுகிறது.

சென்ற ஆண்டு ஒரு பட்டறையில் சொன்னதை நம்பித் தரை முழுவதும் தார் ஷீட் ஒட்டினேன். சித்திரை வெயிலில் அது இளகிக் கார்பெட்டில் கறுப்பாக ஒட்டிக்கொண்டது. வண்டிக்குள் தார் வாடை இன்னும் போகவில்லை. இப்போது வெள்ளித்தாள் ஒட்டிய குமிழி ஷீட்டைக் கார்பெட்டுக்கு அடியில் விரித்தால் போதும் என்கிறார்கள். மறுபடியும் பணத்தை வீணாக்காமல் இருக்க, இந்த வேலையை எந்த வரிசையில் செய்ய வேண்டும் என்று அனுபவமுள்ளவர்கள் சொல்லுங்கள்.

வடசேரி அண்ணாச்சி:

தம்பி, குமிழி ஷீட்டை இப்போது வாங்க வேண்டாம். வெள்ளித்தாள் கதிராக வரும் வெப்பத்தைத்தான் திருப்பி அனுப்பும்; அதற்கு முன்னால் காற்று இடைவெளி இருந்தால்தான் அந்த வேலை நடக்கும். சுட்ட தகட்டுக்கும் கார்பெட்டுக்கும் நடுவில் அமுங்கிக் கிடந்தால், வெப்பம் தொட்டுத் தொட்டே மேலே வந்துவிடும். அதற்குப் பொருத்தமான இடம் கூரைதான். கூரைத் தகட்டின் உட்புறம் வெள்ளித்தாள் ஒட்டிய நுரை ஷீட்டை ஒட்டி, அதன் வெள்ளி முகம் கீழே பார்க்கும்படி விட்டு, லைனிங் துணிக்கும் அதற்கும் நடுவே இடைவெளி இருந்தால், உச்சி வெயிலில் தலைக்கு மேல் இறங்கும் சூடு நன்றாகவே குறையும்.

முதலில் தாரை எடுங்கள். பனிக்கட்டியைத் துணியில் சுற்றிச் சற்று நேரம் வைத்தால் தார் இறுகி நொறுங்கும். மரச் சீவுளியால் பெயர்த்துவிட்டு, எஞ்சியதை டர்பன்டைனால் துடைக்கலாம். அதன்பின் ஒன்றும் ஒட்டாமல், வெறும் தகட்டின் மேல் பழைய செய்தித்தாளை விரித்து, வெளியிலிருந்து குழாய்த் தண்ணீரைக் கீழிருந்து மேலாக, ஒவ்வோர் இடத்திலும் சில நிமிடம் பீய்ச்சச் சொல்லுங்கள். தாளில் எந்த இடம் முதலில் நனைகிறதோ, அதற்கு மேலேதான் ஓட்டை இருக்கும். நம் மாவட்டத்தில் ஜூனில் ஒரு மழை, ஐப்பசியில் இன்னொரு மழை. தண்ணீர் வரும் வழியை அடைக்காமல் எந்த ஷீட்டை ஒட்டினாலும் அதன் அடியில் ஈரம் தங்கித் தகட்டைத் தின்றுவிடும். என் முதல் வண்டியின் தரை அப்படித்தான் போயிற்று: மேலே கார்பெட் புதிதாக இருந்தது, அடியில் சணல் ஃபெல்ட் பிழிந்தால் தண்ணீர் வரும் நிலையில் இருந்தது.

இரைச்சலுக்கும் ஓட்டைகளே முதல் காரணம். ஒரு தடுப்பில் நூற்றில் ஒரு பங்கு திறந்திருந்தால், மீதியை எவ்வளவு கனமாக மூடினாலும் ஒலி ஏறத்தாழ 20 டெசிபலுக்கு மேல் குறையாது. ஆகவே எஞ்சினுக்கும் உட்புறத்துக்கும் நடுவிலுள்ள ஃபயர்வாலில் வயர் நுழையும் துளை, ஸ்டீயரிங் தண்டு இறங்கும் இடம், பழைய ஸ்க்ரூ துளைகள் எல்லாவற்றையும் ரப்பர் குரோமெட்டாலும் (துளை விளிம்பில் மாட்டும் ரப்பர் வளையம்) சீலன்ட்டாலும் அடையுங்கள். எஞ்சின் மவுண்டிங் ரப்பர் அமுங்கிப் போயிருந்தால் அதையும் மாற்றுங்கள்; டீசல் எஞ்சினின் அதிர்வை அது நேராகப் பாடிக்குள் கடத்திவிடும்.

குளச்சல் கடற்கரை:

அண்ணாச்சி சொன்னதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். கடலோரத்தில் வண்டி நிற்பவர்கள் தகட்டைச் சுரண்டியதும் நல்ல தண்ணீரால் கழுவி, நன்றாகக் காயவைத்த பிறகே எபாக்சி பிரைமர் அடிக்க வேண்டும். உப்பு மேலே இருக்கும்போது அடித்த பெயின்ட் சில மாதங்களில் கொப்பளித்துவிடும். கதவின் அடிவிளிம்பிலுள்ள வடிகால் துளைகளை எக்காரணம் கொண்டும் மூடாதீர்கள். கண்ணாடியோரம் வழியும் மழைநீர் வெளியேற அதைத் தவிர வேறு வழி இல்லை.

குலசேகரம் ரப்பர்:

நம் ஊரில் ரப்பருக்குப் பஞ்சமில்லை என்பதால், தோட்டத்து ரப்பர் ஷீட்டையே விரித்தால் என்ன என்று பலர் கேட்கிறார்கள். ரப்பர் பால் வெட்டிப் பிழைக்கும் குடும்பத்தில் பிறந்த எனக்கும் அந்த ஆசை இருந்தது. ஆனால் இயற்கை ரப்பரின் சிறப்பே வாங்கிய விசையைத் துள்ளலாகத் திருப்பித் தருவதுதான். அதிர்வை அடக்குவதற்கு வேண்டியது நேர்மாறான குணம்: விசையை உள்ளே வாங்கிச் சிறிதளவு வெப்பமாக்கிக் கரைத்துவிட வேண்டும். பியூட்டைல் என்னும் செயற்கை ரப்பர் அதைச் செய்கிறது. காற்றையும் ஈரத்தையும்கூட அது எளிதில் ஊடுருவ விடுவதில்லை.

அலுமினியத் தாள் ஒட்டிய 2 மி.மீ. பியூட்டைல் ஷீட்டை வாங்குங்கள். தகடு முழுவதும் மூட வேண்டியதில்லை. அகலமான பகுதிகளின் நடுவில், பாதி அளவுக்கு ஒட்டினாலே போதும். சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 3 கிலோ எடை ஏறும் என்பதால் தேவைக்கு மேல் ஒட்டுவது வண்டிக்குச் சுமை. கதவுத் தகட்டை விரல் மூட்டால் தட்டிப் பாருங்கள்: ஒட்டுவதற்கு முன் ‘டங்’ என்று நீளும் ஒலி, சிறு உருளையால் அழுத்தி ஒட்டிய பின் ‘தப்’ என்று நின்றுவிடும். அதற்கு மேல் தரையில் 6 மி.மீ. மூடிய கண்ணறை (உள்ளறைகள் ஒன்றோடொன்று சேராத) நுரை ஷீட்டை விரியுங்கள். அது தண்ணீரைக் குடிக்காது, காலுக்கு வரும் சூட்டைத் தடுக்கும். சைலன்சர் குழாய் செல்லும் இடத்தில் மட்டும் இவற்றை நம்பாமல், வண்டிக்கு அடியில் ஒரு விரல் இடைவெளி விட்டு உலோகத் தகடு ஒன்றை மாட்டுங்கள்.

தக்கலை மார்க் 4:

மூவருக்கும் நன்றி. நேற்றுத் தாரைப் பெயர்த்துவிட்டுச் செய்தித்தாள் விரித்துப் பார்த்தேன். முன் கண்ணாடியின் இடது கீழ் மூலையில் பீடிங் (கண்ணாடியைச் சுற்றியுள்ள ரப்பர் பட்டை) வெடித்திருக்கிறது. டேஷ்போர்டுக்குப் பின்னால் வழிந்த தண்ணீர், அம்மா கால் வைக்கும் இடம் வரை தாளை நனைத்திருந்தது. ஃபயர்வாலில் கட்டை விரல் நுழையும் அளவுக்கு ஒரு பழைய வயர்த் துளையும் திறந்து கிடந்தது. அதில் தற்காலிகமாகத் துணியை அடைத்து எஞ்சினை இயக்கியபோதே வேறுபாடு தெரிந்தது. பீடிங் மாற்றிய பிறகு மறுபடியும் தாள் விரித்துப் பார்த்துவிட்டுத்தான் ஷீட் வாங்கப் போகிறேன்.